வெனிஸில் வீடு எடுப்பவர்கள் கவனத்துக்கு: வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வெனிஸ் போகத் திட்டம் போடுகிறவர்கள், அதிலும் முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வருகிறார்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன நவம்பரில் எங்களுக்கு நடந்தது.

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். கோவையிலிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதம் வந்து தங்கியிருந்தார்கள். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் நன்றாகவே நடப்பார், படி என்றால்தான் கஷ்டம். வெனிஸோ படிகளால் ஆன ஊர். உள்ளே காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால் வீடு தேடும்போது கால்வாய் தெரியும் ஜன்னல், பழங்கால உத்தரம் எதையும் நான் பார்க்கவில்லை. ரயிலைவிட்டு இறங்கி, ஒரு பாலம்கூட ஏறாமல் வாசலுக்குப் போக முடியுமா என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

அப்படி ஒரு தெரு இருக்கிறது. சாந்தா லூச்சியா நிலையத்தின் வாசலில் நின்று இடதுபக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா. கன்னரேஜியோ பகுதியில் குல்யே பாலம் வரும்வரை சமதரைதான். அந்தத் தெருவில், தரைத்தளம், “வாசலில் ஒரு படியும் இல்லை” என்று போட்டிருந்த வீட்டை எல்லாருக்கும் தெரிந்த ஒரு புக்கிங் தளத்தில் பிடித்தேன். நாலு இரவுக்கு 640 யூரோ, முழுப் பணமும் முன்கூட்டியே.

ரயில் வெரோனாவைத் தாண்டியதும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. குளியலறைக் குழாய் உடைந்துவிட்டதாம், மிகவும் வருந்துகிறார்களாம். கவலை வேண்டாம், இதைவிடப் பெரிய வீடு ஒன்றை அதே விலைக்குத் தயார் செய்துவிட்டோம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டிருந்தார்கள். “அதுவும் தரைத்தளமா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். “சரி, நன்றி” என்று பதில் போட்டேன். அந்த இரண்டு வார்த்தைதான் பிறகு எனக்கு எதிராக நின்றது.

புது முகவரியில் காஸ்தெல்லோ என்ற பகுதிப் பெயரும் நாலு இலக்க எண்ணும் மட்டும் இருந்தன. தெருப் பெயர் இல்லை. வெனிஸில் கதவு எண்கள் தெருவை வைத்து ஓடுவதில்லை; ஊரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு எங்கே என்று ஊகிக்கவே முடியாது. காஸ்தெல்லோ ஊரின் கிழக்குக் கோடி, ரயில் நிலையம் மேற்குக் கோடி. நீராவிப் படகு என்ற பழைய பெயரிலேயே இன்றும் ஓடும் வாப்போரெட்டோ என்ற பொதுப் படகில் ஒரு டிக்கெட் 9.50 யூரோ. ஆறு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் அதே விலைதான். எங்கள் ஐந்து பேருக்கு 47.50. அர்செனாலே துறையில் இறங்கும்போது இருட்டிவிட்டது.

அங்கிருந்து மூன்று பாலங்கள். நானும் மனைவியும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அக்கரையில் வைத்துவிட்டு வருவோம், அப்பா அங்கே காவல் நிற்பார். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். “ஒண்ணுமில்லடா, மெதுவா வந்தர்றேன்” என்று மட்டும் சொன்னார். மூன்றாவது பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டார். பத்து நிமிடம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

சாவி கொடுக்க ஒரு பையன் காத்திருந்தான். வீட்டின் உரிமையாளர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் கேட்டது பணம்: சுற்றுலா வரி, ஆளுக்கு ஒரு இரவுக்கு 5 யூரோ வீதம் 100 யூரோ, ரொக்கமாக. ரசீது பிறகு மெயிலில் வரும் என்றான். வரவே இல்லை. வெனிஸில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. ஆனால் தங்குமிடத்தின் வகைக்கு ஏற்ப அது மாறும், 5 யூரோ என்பது அதன் உச்சம். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு வரியே கிடையாது. என் மகளுக்கு எட்டு வயது.

அந்த வீட்டில் நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், படங்களில் உங்கள் கண்ணில் பட்டாலும் படும். பிளக் பாயிண்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. ஃப்ரிட்ஜ் செங்கல் மேடைமீது நின்றது. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் இரும்புப் பள்ளம், தண்ணீர் உள்ளே வராமல் அதில் செருக முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரப் பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இடுப்பளவுக்குப் பொரிப்பொரியாக வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. மகள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு “உப்புப்பா” என்றாள். கடல்நீர் செங்கல் வழியாக மேலே ஏறி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப் போகிறது. ஈர வாடை போர்வைவரை ஏறியிருந்தது. அப்பாவுக்கு அன்று இரவே இழுப்பு வந்துவிட்டது.

அதிகாலை ஐந்து மணிக்குக் குளியலறைத் துவாரத்திலிருந்து தண்ணீர் மேலே வந்தது. அதிகமில்லை, இரண்டு விரல் ஆழம்தான். ஆனால் தரையில் வைத்திருந்த பெட்டிகளின் அடிப்பாகம் நனைந்தது. அம்மாவால் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைக்க முடியவில்லை.

இப்போதுதான் தடுப்பணை கட்டிவிட்டார்களே, வெனிஸில் இனி வெள்ளமே வராதே என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மோசே என்ற அந்த அமைப்பில் 78 இரும்புக் கதவுகள், லிடோ, மலமோக்கோ, கியோஜா ஆகிய மூன்று கடல்வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கின்றன. 2020 அக்டோபரில்தான் முதல்முறை வெள்ளத்துக்காக எழுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் தண்ணீர் 187 செ.மீ. வரை ஏறி ஊரையே மூழ்கடித்தது. அந்த மாதிரிப் பெருவெள்ளத்தை இனி மோசே தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொதுவாக நீர்மட்டம் 110 செ.மீ.யைத் தொடும் என்று கணித்தால்தான் கதவுகளை எழுப்புகிறார்கள். இந்த அளவுகள் 1897-இல் வைத்த கடல்மட்டக் குறியிலிருந்து கணக்கிடுபவை. அதற்குக் கீழே, 90, 100 செ.மீ. வரும் நாட்களில் கதவுகள் படுத்தேதான் இருக்கும். ஊரின் பெரும்பகுதிக்கு அது ஒன்றும் செய்யாது. தாழ்வான இடத்தில் இருக்கும் தரைத்தள வீட்டுக்குச் செய்யும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரைதான் இது அதிகம். முழங்கால் வலிக்காரருக்குத் தரைத்தளம் வேண்டும், அந்த மாதங்களில் தரைத்தளமே ஆபத்து. லிஃப்ட் உள்ள சிறு ஹோட்டல்தான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

விடிந்ததும் புக்கிங் தளத்துக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்த பதில்: “வீட்டு மாற்றத்துக்கு நீங்கள் சம்மதம் தெரிவித்திருக்கிறீர்களே.” என் வாட்ஸ்அப் செய்தியின் படத்தை வீட்டுக்காரர்கள் நான் ரயிலில் இருக்கும்போதே அனுப்பிவிட்டார்கள். அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி நேரத்தில் வீடு மாறுகிறது என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், தளத்தின் உள்ளேயே, “நான் பதிவு செய்த வீடுதான் வேண்டும், இல்லையென்றால் ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்புங்கள்” என்று எழுதுங்கள். நன்றிகூடச் சொல்ல வேண்டாம். குழாய் உண்மையிலேயே உடைந்திருந்தால் ரத்து செய்வதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இத்தாலியில் 2025 ஜனவரியிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் சின் என்ற தேசியப் பதிவு எண் வேண்டும். விளம்பரத்திலும் போட வேண்டும், கட்டிடத்தின் வாசலிலும் மாட்ட வேண்டும். லிஸ்தா தி ஸ்பான்யா வீட்டு விளம்பரத்தில் அந்த எண் இருந்தது. காஸ்தெல்லோ வாசலில் எதுவுமே இல்லை. பதிவே செய்யாத வீட்டை நிரப்ப, பதிவு செய்த வீட்டின் படத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்பது என் ஊகம். வாசலில் எண் இல்லை என்றால் சாவியை வாங்குவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். பிறகு எனக்கு உதவியதும் அந்தப் போட்டோதான்.

அன்று மதியமே மெஸ்த்ரே போய்விட்டோம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஹோட்டல், லிஃப்ட், வெந்நீர், காய்ந்த சுவர். மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், நிலப்பரப்பில் இருக்கும் சாதாரண ஊர், பார்க்க அழகில்லை. ஆனால் அங்கிருந்து சாந்தா லூச்சியாவுக்கு ரயிலில் பத்து நிமிடம்தான், நாள் முழுக்க ரயில் உண்டு. மெஸ்த்ரே என்று தெரிந்தே எடுத்தால் நல்ல இடம். மெஸ்த்ரேவை வெனிஸ் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. அதுவும் நிறைய நடக்கிறது, ஏனென்றால் சட்டப்படி இரண்டும் ஒரே மாநகராட்சி. பதிவு எண்ணிலும் ஊர்க் குறியீடு ஒன்றேதான். பின்கோடு காட்டிக்கொடுத்துவிடும். கன்னரேஜியோ 30121, காஸ்தெல்லோ 30122, தோர்சோதூரோ 30123, சான் மார்கோ 30124, சான் போலோ 30125, சாந்தா குரோச்சே 30135. மெஸ்த்ரே 3017-இல் தொடங்கும். பின்கோடு கொடுக்கத் தயங்குகிற வீட்டை விட்டுவிடுங்கள்.

முகவரி கேட்கும்போது தெருப் பெயரையும் பக்கத்துப் படகுத் துறையையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம், அந்தத் துறையிலிருந்து வாசல்வரை எத்தனை பாலம் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். “பக்கம்தான்”, “ஐந்து நிமிடம்” என்பதெல்லாம் பெட்டியும் வயதானவர்களும் இல்லாதவர்களுக்கான கணக்கு. பதில் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர்கள் ஒரு பைசா தரவில்லை, தளம் 80 யூரோ கூப்பன் தருகிறேன் என்றது. ஐரோப்பிய நாடுகளுக்குள் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்க ஐரோப்பிய நுகர்வோர் மையம் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறது, ஜெர்மனியில் கேல் நகரத்தில். கட்டணம் கிடையாது. விளம்பரத்தின் படம், பதிவு எண் இல்லாத வாசல், ஈரச் சுவர் எல்லாவற்றையும் அனுப்பினேன். நாலு மாதத்துக்குப் பிறகு 320 யூரோ திரும்பி வந்தது. ரசீது இல்லாத அந்த 100 யூரோ போனது போனதுதான்.

பாதியிலேயே கிளம்பிவிட்டதால் விமர்சனம் எழுத அந்தத் தளம் எனக்கு அனுமதி தரவில்லை. போன வாரம் பார்த்தேன், லிஸ்தா தி ஸ்பான்யா வீடு அதே படங்களோடு அப்படியே இருக்கிறது, மதிப்பெண் 9-க்கு மேல். விமர்சனங்களை, தளம் காட்டுகிற வரிசையை மாற்றி, குறைந்த மதிப்பெண் முதலில் வரும்படி அடுக்கிப் பார்த்தேன். மூன்றாவதாக ஒரு குடும்பம் எழுதியிருந்தது: வரும் வழியில் வேறு வீட்டுக்கு மாற்றினார்கள், சுவரெல்லாம் ஈரம், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நாங்கள் போவதற்கு ஐந்து மாதம் முன்பு எழுதியது.