ட்ரீம்வீவரா, விஎஸ் கோடா?

கோவையில் தொழில்நுட்பத் தொடர்பியல் படிக்கும் என் தங்கைக்கு, பம்ப்செட் கையேடு ஒன்றை இணையப் பக்கமாக்கும் பயிற்சி. 1997-இல் பிறந்த, இணையப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான ட்ரீம்வீவரில் நிரல் எழுதாமலே அட்டவணை போடலாம். பக்கம் உருவாவது அப்படியே கண்ணில் தெரியும். ஆனால் சந்தா கட்ட வேண்டும், மாணவர் பணப்பைக்கு அது கனம்தான்.

2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, நிரலை நாமே தட்டச்சு செய்யும் மென்பொருளான விஎஸ் கோட் இலவசம். வெற்றுத் திரையைப் பார்த்து முதலில் மிரண்டாள். "தண்ணீரின்றி மோட்டாரை ஓட்டாதீர்" என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தாக்கியவள், தடிப்பு அங்கே முடிகிறது என்று சொல்லும் மூடும் குறியைப் போட மறந்தாள். அதற்குக் கீழே உத்தரவாத விவரம் வரை அத்தனையும் தடித்துவிட்டது! தேடித் திருத்த அரைமணி நேரம். இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் அன்றுதான் அவளுக்குப் பிடிபட்டது. என் ஓட்டு விஎஸ் கோடுக்கே.