மைன்கிராஃப்ட் சர்வைவலில் பயிர் வளர்ப்பு: நீண்ட நாள் ஓடும் வயலுக்கு எது முக்கியம்?

மைன்கிராஃப்ட் வீடியோ ஆட்டத்தின் சர்வைவல் (பசி சமாளித்து உயிர் வாழும்) முறையில் புது உலகம் தொடங்கியதும் புல்லை வெட்டி விதை சேர்த்து, ஏரிக்கரையில் நாலு வரிசை கோதுமை போட்டால் வயிறு காயாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். வயல் பெரிதாகப் பெரிதாக, போட்ட உழைப்புக்கு விளைச்சல் வருவதில்லை. உடனே எலும்புத்தூள் (ஆட்டத்தின் உரம்), வில்லேஜர் (கிராமவாசிப் பாத்திரம்), ரெட்ஸ்டோன் (தானியங்கி இயந்திரம் செய்யும் பொருள்) என்று ஓடுகிறார்கள். உண்மையில் வேகத்தைப் பாதியாக்குவது பெரும்பாலும் நட்ட முறைதான். கீழே உள்ள கணக்கெல்லாம் ஜாவா பதிப்புக்கு உரியது. இன்னொரு பதிப்பான பெட்ராக்கில் சில எண்கள் மாறும்.

முதலில் பயிர் எப்படி வளர்கிறது என்பது. ஆட்டம் ஒவ்வொரு டிக்கிலும் (வினாடிக்கு 20 டிக்) 16×16×16 பகுதியில் மூன்று பிளாக்குகளைக் (உலகைக் கட்டியிருக்கும் கனசதுரங்களை) குத்துமதிப்பாகத் தொடுகிறது. இதுதான் ரேண்டம் டிக். ஒரு குறிப்பிட்ட பிளாக்குக்கு இந்த வாய்ப்பு சராசரியாக 68 வினாடிக்கு ஒருமுறை வரும். வந்தாலும் செடி வளர்ந்தே தீரும் என்றில்லை. சுற்றியுள்ள நிலத்தை வைத்து ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. செடியின் அடியில் ஈர நிலம் என்றால் 4, காய்ந்த நிலம் என்றால் 2. சுற்றியுள்ள எட்டு பிளாக்குகளில் ஒவ்வொரு ஈர உழுநிலத்துக்கும் 0.75, காய்ந்ததற்கு 0.25. ஆக, எட்டுப் பக்கமும் ஈரமாக இருந்தால் 10. பிறகு 25-ஐ அந்த மதிப்பெண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளி, ஒன்று கூட்டினால் வருவதுதான் "இத்தனையில் ஒன்று" என்ற வாய்ப்பு. 10 மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒன்று.

இங்கேதான் பலருக்கும் தெரியாத தண்டனை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதே வகைப் பயிர் மூலைவிட்டத்தில் இருந்தாலோ, கிழக்கு மேற்கு வரிசையிலும் வடக்கு தெற்கு வரிசையிலும் சேர்ந்தே இருந்தாலோ, மதிப்பெண் பாதியாகிவிடும். வயல் முழுக்க ஒரே கோதுமை என்றால் 10 என்பது 5 ஆகி, வாய்ப்பு ஆறில் ஒன்றாகச் சரிகிறது. கோதுமை முற்ற ஏழு படி தாண்ட வேண்டும். வரிசை மாற்றி நட்டால் சராசரியாக 24 நிமிடம். அடைத்து நட்டால் 48 நிமிடம். அக்கம்பக்கம் எதுவும் இல்லாத காய்ந்த ஒற்றை நிலத்தில் 100 நிமிடத்தையும் தாண்டும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் வேகம் இரட்டிப்பாகிறது என்பதால், எந்த இயந்திரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு வரிசை கேரட், அடுத்த வரிசை உருளைக்கிழங்கு, மறுபடி கேரட். இரண்டும் ஆட்டத்தின் கணக்கில் வேறு வேறு பயிர். வரிசைக்கு வரிசை வெறும் மண்ணை விட்டு வைப்பது இதற்கு மாற்றாகாது. மண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. விதை போதாவிட்டால், இடைவரிசையை உழுது ஈரமாக மட்டும் வைத்திருந்தாலும் வேகம் குறையாது.

தண்ணீர் விஷயத்தில் 9×9 வயலின் நடுவில் ஒரே ஒரு தண்ணீர் பிளாக் என்பது எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு. நான்கு பிளாக் தூரம் வரை, மூலைவிட்டத்திலும், ஈரம் பாயும். ஒரு வாளி தண்ணீரில் 80 பிளாக் நனைகிறது. தண்ணீர் நிலத்தின் மட்டத்திலோ ஒரு பிளாக் மேலேயோ இருக்கலாம். கீழே இருந்தால் பயனில்லை. மேலே சொன்ன பின்னம் தள்ளும் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்துச் செடி ஒரு அண்டை நிலத்தை இழந்து 9.25 பெறுகிறது, இரண்டை இழந்தால் 8.5. இரண்டுக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான், மாற்றமில்லை. மூன்றை இழந்தால்தான் 7.75 ஆகி நாலில் ஒன்றாக விழும். எனவே தண்ணீரைப் புள்ளியாக வைத்தால் நட்டமே இல்லை. நீளமாக வாய்க்கால் வெட்டினால் அதன் இரு கரை வரிசைகளும் 24 நிமிடத்திலிருந்து 32-க்குப் போய்விடும். வயலின் ஓரச் செடிகளுக்கும் இதே 32 நிமிடம், மூலையில் நிற்பவற்றுக்கு 40. பல 9×9 வயல்களை நடைபாதை விடாமல் ஒட்டி வைப்பது அழகாக இராது, ஆனால் ஓரம் குறையும்.

அந்த நடுத் தண்ணீரில் ஒரு தொல்லை உண்டு. அறுவடை செய்துகொண்டே பின்னால் நகரும்போது அதில் விழுவது, குதித்து வெளியேறுவது, குதித்த இடத்து நிலம் மண்ணாகி செடி பிடுங்கிக்கொள்வது. நடப்பதாலோ ஓடுவதாலோ உழுத நிலம் கெடாது, விழுவதால்தான் கெடும். விழுந்த உயரம் அரை பிளாக்கைத் தாண்டிய அளவுதான் கெடும் வாய்ப்பு; சமதரையில் ஒரு சாதாரணக் குதிப்புக்கே ஏறத்தாழ நாலில் மூன்று. தீர்வு எளிது: அந்தக் குழியில் ஒரு ஸ்லாபை (அரை பிளாக் பலகையை) மேல்பாதியாக வைத்து, அதற்குள்ளேயே வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவது. 2018-இல் வந்த 1.13 முதல் இது முடியும். ஸ்லாபுக்குள் இருக்கும் தண்ணீரும் நிலத்தை நனைக்கும், மேலே தாராளமாக நடக்கலாம். பனிப் பிரதேசத்தில் திறந்த தண்ணீர் உறைந்து வயல் மெல்ல மெல்ல காய்ந்துபோகும் தலைவலியும் இதோடு தீர்ந்தது, ஏனென்றால் ஸ்லாபுக்குள் உள்ள தண்ணீர் உறைவதில்லை. காய்ந்தாலும் செடி நிற்கும் நிலம் மண்ணாகாது, வேகம்தான் படுத்துவிடும். எதுவும் நடாத காய்ந்த நிலம்தான் திரும்ப மண்ணாகும்.

நிலத்தடியிலோ கூரைக்குக் கீழேயோ வயல் போட்டால் வெளிச்சம்தான் எமன். செடி வளர 9 வெளிச்சம் வேண்டும். 8 இருந்தால் உயிரோடு நிற்கும், வளராது. அதற்கும் கீழே போனால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 9×9 வயலின் நடுவில், ஸ்லாபுக்கு மேலே ஒரு குளோஸ்டோன் (ஒளிரும் பிளாக்) வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். வெளிச்சம் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று குறையும், மூலைவிட்டத்தில் இரண்டு குறையும். 15-இல் தொடங்கி மூலைக்குப் போவதற்குள் எட்டுப் படி. அங்கே மிஞ்சுவது 7. நான்கு மூலையிலும் விதையே தங்காது, அவற்றை ஒட்டிய எட்டு இடங்களில் செடி முளைவிட்டபடியே நிற்கும். "விதை நட்டால் துள்ளி வெளியே விழுகிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வயலின் நான்கு மூலைக்கும் வெளியே மூலைவிட்டத்தில் ஆளுக்கொரு டார்ச் வைத்தால் முடிந்தது.

எந்தப் பயிர்? இதில் தயங்கவே வேண்டாம். முற்றிய கோதுமை ஒன்றுக்கு ஒரே கோதுமைதான், கூடவே 1 முதல் 4 விதை. மூன்று கோதுமைக்கு ஒரு ரொட்டி. ரொட்டி தருவது 5 பசிப்புள்ளி. அதாவது ஒரு செடிக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது. உருளைக்கிழங்கு 2 முதல் 5 வரை தரும், சராசரி 3.71. ஒன்றைத் திரும்ப நட்டுவிட்டு மிச்சத்தைச் சுட்டால் ஒவ்வொன்றும் அதே 5 புள்ளி; செடிக்கு 13-க்கும் மேல். கோதுமையைப் போல எட்டு மடங்கு. ஒரு நிலக்கரிக்கு எட்டு கிழங்கு வேகும், ஸ்மோக்கரில் (உணவுக்கான வேக அடுப்பில்) பாதி நேரத்தில். நூற்றுக்கு இரண்டு செடியில் கூடவே ஒரு நச்சுக் கிழங்கும் வரும். நடவும் முடியாது, கம்போஸ்டரும் (செடிப் பொருளை எலும்புத்தூளாக்கும் தொட்டி) ஏற்காது, தின்றால் 60 சதவீத வாய்ப்பில் விஷம். தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேரட்டுக்கும் அதே விளைச்சல். பச்சையாகத் தின்றால் 3 புள்ளிதான், ஆனால் அடுப்பு தேவையில்லை. அதன் உண்மையான மதிப்பு தங்கக் கேரட்டில் இருக்கிறது: எட்டு தங்கத் துணுக்கு, நடுவில் ஒரு கேரட். 6 பசிப்புள்ளியோடு 14.4 சாச்சுரேஷன் (மறுபடி பசிக்காமல் தாங்கும் அளவு) தருகிறது. சுட்ட கிழங்குக்கு இது 6 மட்டுமே. தங்கம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் வேறு சாப்பாட்டைச் சுமந்து திரிய அவசியமில்லை. கோதுமையை ஆடு மாடு பெருக்குவதற்கென்று இரண்டு வரிசை வைத்தால் போதும். பீட்ரூட்? ஒன்றைத் தின்றால் 1 புள்ளி, சூப்புக்கு ஆறு வேண்டும், அந்த சூப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது. சாயத்துக்கும் மரகத (வில்லேஜர்களிடம் செல்லும் நாணயம்) வியாபாரத்துக்கும் தவிர அதற்கு வயலில் இடம் கொடுப்பது வீண்.

அறுவடைக்கு ஃபார்ச்சூன் மூன்று (விளைச்சலைக் கூட்டும் மந்திரம், மூன்றாம் நிலை) போட்ட மண்வெட்டி கட்டாயம். கேரட், கிழங்கின் சராசரி 3.71-இலிருந்து 5.43-க்கு ஏறுகிறது, மறுநடவு போக மிஞ்சுவது ஒன்றரை மடங்குக்கும் மேல். பயிரை வெட்டுவதால் கருவி தேயாது, உழும்போதுதான் தேயும். ஆக ஒரே மண்வெட்டி காலத்துக்கும் வரும். கோதுமையில் இது விதையைத்தான் கூட்டும், கதிரை அல்ல.

எலும்புத்தூள் மீதான மோகம் கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். ஒரு தூளுக்கு 2 முதல் 5 படி வளரும். ஒரு செடிக்கு இரண்டு அல்லது மூன்று, அரிதாக நான்கு. 80 செடிக்கு சராசரி 190. மறுபக்கம், அதே 80 கோதுமைச் செடியில் மறுநடவு போக மிஞ்சும் 137 விதையையும் கம்போஸ்டரில் கொட்டினால் கிடைப்பது ஆறேழு தூள்தான், ஏனென்றால் விதை ஒவ்வொன்றும் 30 சதவீத வாய்ப்பில்தான் தொட்டியின் அடுக்கை உயர்த்துகிறது, தொட்டி நிரம்பினால்தான் ஒரு தூள். கேரட், கிழங்குக்கு அது 65 சதவீதம். எலும்புக்கூடு ஸ்பானர் (எலும்புக்கூடுகளை ஓயாமல் உருவாக்கும் பிளாக்) கையில் இருந்தால் தவிர, தூளை மரத்துக்கும் பூவுக்கும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விவசாயி வில்லேஜரை வேலைக்கு வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் வரிசை பார்த்து நடுவதில்லை. பையில் எது இருக்கிறதோ அதை நடுவார். கேரட்டும் கிழங்கும் மாற்றி நட்ட வயலை அவர் கையில் கொடுத்தால் சில அறுவடையில் எல்லாம் கலந்து போகும். அவருக்குத் தனியாக ஒற்றைப் பயிர் வயல் ஒதுக்கி, மெதுவாக வளர்வதைப் பொறுத்துக்கொள்வதுதான் வழி. கோதுமை கொடுத்தால் அதை ரொட்டியாக்கியும் விதையைக் கம்போஸ்டரில் போட்டும் கணக்கைக் குழப்புவார். mobGriefing விதியை (பாத்திரங்கள் பிளாக்குகளை மாற்ற விடும் அமைப்பு; புதிய பதிப்புகளில் பெயர் mob_griefing) அணைத்து வைத்த சர்வரில் அவர் வயலைத் தொடவே மாட்டார். "வில்லேஜர் சும்மா நிற்கிறார்" என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

விற்பனையில் ஒரு மரகதத்துக்கு 20 கோதுமை, 22 கேரட், 26 கிழங்கு, 15 பீட்ரூட் கேட்பார்கள். 80 செடிக் கணக்கில் கேரட்டும் கிழங்கும் கோதுமையைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரும். விவசாயியின் அனுபவம் ஏறியபின் 6 பூசணிக்கும் 4 தர்பூசணிக்கும் ஒன்று. இவ்விரண்டிலும் கொடி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காய் விழ இடம் வேண்டும். ஆட்டம் நான்கு திசையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும், அங்கே இடம் இல்லையென்றால் அந்த வாய்ப்பு வீண். ஒரே ஒரு பக்கம் திறந்து வைத்த கொடி மந்தமாக இருப்பதன் காரணம் அதுவே.

கரும்புக்கு வெளிச்சமும் வேண்டாம், உழவும் வேண்டாம். நிற்கும் பிளாக்குக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போதும். ஒரு கணு ஏற சராசரி 18 நிமிடம். மணல்தான் நல்லது என்பது வெறும் வதந்தி. நெதர் வார்ட் (நெதர் என்ற பாதாள உலகத்துப் பயிர்) சோல் சாண்ட் என்ற மணலில் எந்த உலகத்திலும் வளரும், முற்ற ஏறத்தாழ 34 நிமிடம், எலும்புத்தூள் வேலை செய்யாது.

கடைசியாக, தூரம். ஆட்டக்காரர் அதிக தூரம் போய், ஆட்டம் இயக்கும் எல்லைக்கு (சிமுலேஷன் டிஸ்டன்ஸ்) வெளியே வயல் ஆகிவிட்டால் அது அப்படியே உறைந்து நிற்கும். படுத்து இரவைத் தாண்டினாலும் பயிர் ஒரு படிகூட ஏறாது. கடிகாரம்தான் நகர்கிறது, டிக் ஓடுவதில்லை. சுரங்கம் தோண்டும் இடத்துக்கு நேர் மேலேயோ, பெட்டி அடுக்கும் அறைக்குப் பக்கத்திலேயோ வயலைப் போடுங்கள். வேறு வேலையாக இருக்கும் 24 நிமிடத்தில் அது தானே முற்றிவிடும்.