39 இலக்க பகா எண்ணுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போட்டோம், 5க்கு 4 ஸ்டார்

காரைக்குடியில வீட்டு திண்ணையிலதான் டியூஷன் எடுக்கிறேன், புள்ளைங்க நிமிர்ந்தா கண்ணுல படுற மாதிரி செவுத்துல ஒரு பெரிய பகா எண் (1ஆலயும் அதே எண்ணாலயும் மட்டும் வகுபடுறது) இருக்கணும்னு ரொம்ப நாள் ஆச. 2ஐ 127 தடவை பெருக்கி 1 கழிச்சா வர்ற எண்ண எடுத்தேன், 39 இலக்கம், 13 வீதம் 3 வரிசையா கச்சிதமா உக்காரும்.

1701411834604
6923173168730
3715884105727

இத பகா எண்ணுன்னு 1876ல பிரெஞ்சு கணித மேதை லூக்காஸ் கையாலயே கணக்கு போட்டு நிரூபிச்சாரு, 1951 வரைக்கும் இதவிட பெருசா ஒண்ணு யாருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் பிடிச்சது 2, 3, 7, 127ன்னு வர்ற வரிசைதான், ஒவ்வொரு எண்ணையும் எடுத்து 2ஐ அத்தன தடவை பெருக்கி 1 கழிச்சா அடுத்தது வந்துரும், 127க்கு அடுத்து நிக்கிறது இந்த எண்.

ஆத்தங்குடியில ஒரு பட்டறையில ஆர்டர் குடுத்தோம். பூ டிசைனே போட்டு பழகுன கைங்க, ஆனா நம்பர்னதும் தயங்கல, புதுசா அச்சு செஞ்சாங்க. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தி, அதுக்கு மேல சிமெண்ட போட்டு மட்டம் பண்றத பக்கத்துல நின்னு பாத்தேன், கண்ணாடி பக்கம்தான் டைல்ஸோட முகம். தப்பு நடந்ததும் அங்கதான். அச்சு நேரா இருந்துச்சு, அதனால மறுநாள் கண்ணாடிய எடுத்தா 2, 3, 4, 7 எல்லாம் இடம் வலமா மாறி நிக்குது! வெறும் கோடா போட்ட 1, அப்புறம் 0, 8 மட்டும் தப்பிச்சது, அது 16 டைல்ஸ். "விடுங்க டீச்சர், எங்க தப்புதான்"னு சொல்லி அண்ணன் மிச்சம் 23ஐயும் காசு வாங்காம திருப்பி போட்டு குடுத்தாரு, ஆனா தண்ணியில ஊறி காஞ்சு வர்றதுக்குள்ள பத்து நாள் கூடிப்போச்சு. ஒரு ஸ்டார் கொறச்சது அதுக்குத்தான்.

பதிக்கிறப்ப நீங்க கூடவே நில்லுங்க. எங்க கொத்தனார் ஒரு 6ஐ தலகீழா வச்சுட்டாரு, அது 9 ஆயிருச்சு. இலக்கமெல்லாம் கூட்டுனா 154 வரணும், 9ஆல வகுத்தா மீதி 1. செவுத்துல 157 வந்துச்சு, மீதி 4. இந்த எண்ணுல 9 ஒரே ஒரு எடத்துலதான் வரும், அதனால சிமெண்ட் காயிறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு திருப்பிட்டோம்.

கலர் அருமை, மஞ்சள்ல செவப்பு எழுத்து, பளபளன்னு இருக்கு. 2024ல கண்டுபுடிச்ச, அதுவரைக்கும் தெரிஞ்சதுலயே பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம்னு சொன்னேன், ஒரு பையன் உடனே 8 இஞ்ச் டைல்ஸ வரிசையா வச்சா எவ்வளவு தூரம்னு உக்காந்து கணக்கு போட்டான், 8,300 கிலோமீட்டருக்கு மேல வருது. அச்சு பத்தும் பட்டறையிலயே இருக்கு, கேட்டா வேற எண்ணும் போட்டு தருவாங்க, இப்ப நேராவே வரும்.