சீனியர் ஆபீஸா, கம்பெனி வேலையா? சேலத்தில் நிலச் சட்டம் பழக எது நல்லது?

சட்டம் முடித்துவிட்டுச் சேலத்திலேயே நிலம், மனை விவகாரங்களில் இறங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சீனியர் வக்கீல் ஆபீஸ், மனை போட்டு விற்கும் கம்பெனி இரண்டிலும் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

பணம் என்றால் கம்பெனிதான். மாதம் பிறந்தால் சம்பளம், இருட்டுவதற்குள் வீடு. சீனியர் ஆபீஸில் சேரும் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயுமாவது தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. சேரும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ரெரா (மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு, மனை அங்கீகாரம் எல்லாம் கம்பெனியில் நன்றாகப் பழகும். ஆனால் அங்கே பத்திரம் நம் கைக்கு வரும்போதே முதலாளி அட்வான்ஸ் கொடுத்திருப்பார். சாயங்காலத்துக்குள் ‘சரி’ என்று எழுதித் தரச் சொல்வார்கள்.

என் சீனியரிடம் கற்றது வேறு. அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்த ஒரு நிலத்துக்கு, ‘குறையில்லை’ என்று எழுதி நீட்டினேன். பாட்டன் வழிச் சொத்து, 1992இல் பாகப்பிரிவினை. அம்மா கையெழுத்துப் பக்கத்தை விரலால் தடவினார். “மூணு பசங்க கையெழுத்து இருக்குது. பொண்ணு எங்கே கண்ணு?”

பதிவான பத்திரம்தான் வில்லங்கச் சான்றில் வரும். விட்டுப்போன மகள் வரமாட்டாள். 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாத மகளுக்குத் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படியே பங்கு உண்டு. “போய்க் கல்யாணப் பத்திரிகையை வாங்கிட்டு வா” என்று அனுப்பினார். திண்ணையில் ஆண்கள் வாயே திறக்கவில்லை. அடுப்படியில் பாட்டி, மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். தை, 1990. அந்த அக்காவும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிரயம் நடந்தது.

எல்லாச் சீனியரும் இப்படி அல்ல. மூன்று வருடமாகியும் வாய்தா வாங்க மட்டுமே அனுப்புகிறவர்களும் உண்டு. சேரப்போகும் சீனியரிடம் முன்பு இருந்த பெண் ஜூனியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். நல்லவர் கிடைத்தால் முதல் மூன்று வருடம் அங்கேதான். அப்புறம் கம்பெனிக்குப் போகலாம்.

நானும் அப்படித்தான் போனேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை மனை பிரிக்க வேண்டும் என்று கோப்பு வந்தது. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்னும் நில உச்சவரம்புச் சட்டத்தில், தோட்டம் என்பதற்காக விலக்குப் பெற்ற நிலமா அது? கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.