ஏதல்பெர்ட்டா ரெட்வால்டா?

1400 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்த இந்த ரெண்டு ராஜாக்கள்ல உங்களுக்கு யாரப் பிடிக்கும்? தென்கிழக்குல கென்ட்டை ஆண்ட ஏதல்பெர்ட்ட எடுத்துக்கோங்க, 597ல கிறிஸ்தவத்தைப் பரப்ப ரோம்ல இருந்து அகஸ்டின்ங்கிற துறவி வந்தப்போ மாயமந்திரம் வச்சிருப்பாரோன்னு பயந்து வெட்டவெளியிலதான் பாத்தாரு, இத்தனைக்கும் பொண்டாட்டி பெர்த்தாவே கிறிஸ்டியன்! அப்புறம் அவரும் மதம் மாறி, ஆங்கிலத்துலயே சட்டம் எழுத வச்சாரு. கட்டைவிரல வெட்டினா 20 ஷில்லிங் ஃபைன், அந்த விரல் நகம் போனா 3.

கிழக்கு ஆங்கிலியா ரெட்வால்ட் வேற டைப்பு. கென்ட்ல ஞானஸ்நானம் வாங்கிட்டு ஊருக்குப் போனா வீட்டம்மா விடல, அதனால ஒரே கோயில்ல ஏசுவுக்கு ஒரு பீடம், பழைய சாமிக்கு ஒரு பீடம். செம சமாளிப்பு! ஆனா வடக்குல நார்த்தம்ப்ரியா ராஜா ஏதல்ஃப்ரித்துக்குப் பயந்து அடைக்கலம் வந்த இளவரசன் எட்வினை, அந்த ராஜாகிட்ட காசுக்கு காட்டிக்கொடுக்கப் பாத்தப்போ தடுத்ததும் அதே அம்மாதான், அப்புறம்தான் 616ல ஐடில் ஆத்தங்கரையில ஏதல்ஃப்ரித்தை கொன்னு எட்வினை நார்த்தம்ப்ரியா ராஜாவாக்கினாரு.

நிர்வாகம்னா ஏதல்பெர்ட். எனக்கு ரெட்வால்ட்தான், 1939ல சட்டன் ஹூல தோண்டின 27 மீட்டர் கப்பல் சமாதி அவரோடதா இருக்கும்னுதான் நிறைய பேர் சொல்றாங்க.