டெபியனில் ஒரு லைப்ரரி: சில வருடப் பராமரிப்புக்குப் பிறகு

மற்ற நிரல்கள் பயன்படுத்தும், சி மொழியில் எழுதிய சின்ன லைப்ரரி ஒன்றை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவ உதவும் பேக்கேஜைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். முதல்முறை பேக்கேஜ் கட்டுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். டெப்ஹெல்பர் என்ற உதவிக் கருவி இருப்பதால், பேக்கேஜை எப்படிக் கட்டுவது (பில்ட்) என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பு மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது. உரிமங்களைப் பட்டியலிடும் காப்பிரைட் கோப்புதான் பொறுமையைச் சோதிக்கும்.

வேலை இருப்பது அப்டேட்டில். யூஸ்கேன் என்ற கருவி லைப்ரரியின் புது வெளியீட்டைக் கண்டுபிடித்து, டிஜிட்டல் கையொப்பம் பார்த்து இறக்கித் தரும். ஜிபிபி என்ற இன்னொரு கருவி அதை கிட்டுக்குள் (மூலநிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் களஞ்சியம்) சேர்த்துவிடும். அப்புறம் நம் பேட்ச்கள் (நாம் சேர்த்த சிறு திருத்தங்கள்) ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதுவரை அலுங்காமல் போகும்.

எனக்கு மிகவும் உதவியது சிம்பல்ஸ் கோப்பு. லைப்ரரி வெளியே தரும் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தப் பதிப்பில் வந்தது என்ற பட்டியல் அது. ஒருமுறை, வெறும் பிழைத்திருத்தம் என்று வந்த வெளியீட்டில் பில்ட் நின்றுவிட்டது. பார்த்தால், பழைய ஃபங்ஷன் ஒன்றின் பெயருக்கு முன்னால் ‘#மிஸ்ஸிங்’ என்று நிற்கிறது. லைப்ரரி பழையதோடு பொருந்துமா என்று காட்டும் பெயரான சோநேமை மாற்றாமலே, அதை எழுதுபவர்கள் அந்த ஃபங்ஷனைத் தூக்கியிருக்கிறார்கள்! அப்படியே போயிருந்தால் அதை நம்பிய நிரல்கள் பயனர் கணினியில் உடைந்திருக்கும். அவர்களிடம் கேட்டதற்கு, ‘அதை யார் பயன்படுத்துகிறார்கள்?’ என்று பதில் வந்தது. டெபியன் கோட் சர்ச்சில் தேடி, பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பெயர்களை அனுப்பினேன். அடுத்த வெளியீட்டில் ஃபங்ஷன் திரும்பி வந்தது.

சோநேமை முறைப்படி மாற்றினாலும் லேசில்லை. பேக்கேஜின் பெயரே மாறும், புதிய பெயர் என்பதால் நியூ என்ற சரிபார்ப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும், சார்ந்திருப்பவை எல்லாவற்றையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.

கையொப்பம் சரியென்றால் போதும் என்ற நிம்மதி 2024 மார்ச்சில் போயிற்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவைத் (ரகசிய நுழைவழி) திறக்கும் வரிகள் டார்பாலில் (வெளியீடாகத் தரும் மூலநிரல் பொதி) மட்டும் இருந்தன, கிட்டில் இல்லை. கையொப்பமிட்டவரே திட்டத்துக்குள் இருந்து அதை வைத்த ஆள். டெபியன் பழைய பதிப்புக்குத் திரும்பியபோது அதற்கு வைத்த எண் ‘5.6.1+ரியலி5.4.5-1’. எண் குறைந்தால் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி அதை அப்டேட்டாக எடுக்காது, அதனால்தான் இந்தச் சுற்றுவழி. இப்போதெல்லாம் டார்பாலை, கிட்டில் அந்த வெளியீட்டைக் குறிக்கும் டேகோடு ஒப்பிடாமல் நான் எதையும் அப்லோட் செய்வதில்லை.

குறை என்றால் ஆவணங்கள்தான். சிதறிக் கிடக்கின்றன, பாதி காலாவதியானவை. புதிதாக வருபவர் கற்றுக்கொள்ள, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு பேக்கேஜை டெபியனின் கிட் தளமான சால்சாவிலிருந்து எடுத்து அதன் டெபியன் அடைவைப் படிப்பது மேல்.