சிஏ-125-ஆ, எச்ஈ4-ஆ?

சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கியாயிற்று. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய எந்த ரத்தப் பரிசோதனை? சிஏ-125, எச்ஈ4 இரண்டும் இந்தப் புற்றுநோயில் ரத்தத்தில் உயரக்கூடிய புரதங்கள்.

செலவு: சிஏ-125 மலிவு, பெரும்பாலான லேப்களில் உண்டு. எச்ஈ4 அப்படியில்லை.

பொய்யான உயர்வு: எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), மாதவிடாய், வயிற்றுக் காசநோய் எதிலும் சிஏ-125 வழக்கமான வரம்பான 35-ஐ (யூனிட்/மி.லி.) தாண்டலாம். எச்ஈ4 சிறுநீரகக் கோளாறிலும் புகைப்பழக்கத்திலும் ஏறும்.

கணிப்பு: இதில் சிஏ-125 முந்துகிறது. கீமோவின் முதல் 100 நாளில் குறைந்தது 3 முறை அளந்திருந்தால், அது இறங்கும் வேகத்தை ‘கெலிம்’ முறையில் கணக்கிடலாம். வேகமாக இறங்கினால் கட்டி மருந்துக்கு மசிகிறது. ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறுவது வீண்!

தொடக்கத்திலேயே சிஏ-125 உயர்ந்திருந்தவர்கள் அதையே தொடரலாம். அது இயல்பாக இருந்து எச்ஈ4 மட்டும் உயர்ந்திருந்தால், டாக்டரிடம் எச்ஈ4 பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் இரண்டு தரப்புக்கும் வேண்டும்.